நாய் முடியில் நெய்த கம்பளி!

வீட்டில் நாய் வளர்ப்பவர்களுக்கு ஒரு தொல்லை உண்டு.

அதுதான் முடி!

பாயில் முடி. நாற்காலியில் முடி. துவைத்து மடித்து வைத்த வேட்டியிலும் முடி. காலையில் கூட்டித் தள்ளினால், மாலையில் மறுபடியும் முடி!

"இந்த நாயை யார் வீட்டுக்குள் விட்டது?" என்று பாட்டி சத்தம் போடுவார்.

ஆனால், நாயின் முடியைப் பொன்போலப் போற்றிய மக்களும் இந்த உலகில் இருந்தார்கள்.

அவர்கள் ஆட்டுக்குக் கத்தரிப்பதுபோல் நாய்க்கு முடி கத்தரித்தார்கள். அதை நூலாக நூற்றார்கள். கம்பளியாக நெய்தார்கள். அந்தக் கம்பளிதான் அவர்களுடைய செல்வம். கல்யாணத்துக்கு அதுதான் சீர். பெரிய மனிதர்களுக்கு அதுதான் மரியாதை.

அந்த முடியைக் கொடுத்த நாய் இனம் இன்று இல்லை. அடியோடு மறைந்துவிட்டது.

அது தானாக மறைந்ததா? அல்லது மறையும்படி செய்யப்பட்டதா?

செத்துப்போன ஒரு நாயின் தோல், 160 ஆண்டுகளுக்கு மேல் கழித்து இந்தக் கேள்விக்குச் சாட்சி சொல்ல வந்தது!

கப்பல் தலைவர் கண்ட காட்சி

1792ம் ஆண்டு, மே மாதம்.

அமெரிக்காவின் மேற்குக் கரையில் ஓர் ஆங்கிலேயக் கப்பல் வந்து நின்றது. கப்பலின் தலைவர் ஜார்ஜ் வான்கூவர். இன்று கனடாவில் இருக்கும் வான்கூவர் நகரத்துக்கு அவருடைய பெயர்தான் வைக்கப்பட்டிருக்கிறது.

இப்பொழுது சியாட்டில் நகரம் இருக்கும் இடத்துக்கு எதிர்க் கரையில் அவர் இறங்கினார். அங்கே பழங்குடி மக்களின் ஊர் ஒன்று இருந்தது.

ஊரில் நிறைய நாய்கள் திரிந்தன. அவற்றைப் பார்த்ததும் வான்கூவருக்கு ஒரே வியப்பு!

காரணம், அந்த நாய்களுக்கு முடி ஒட்டக் கத்தரிக்கப்பட்டிருந்தது. இங்கிலாந்தில் செம்மறி ஆட்டுக்குக் கத்தரிப்பதுபோலவே, தோலை ஒட்டிக் கத்தரித்திருந்தார்கள்.

"இவை பொமரேனியன் நாய்களைப் போல இருக்கின்றன. ஆனால் அவற்றைவிடச் சற்றுப் பெரியவை" என்ற கருத்தில் அவர் தம் பயணக் குறிப்பில் எழுதினார்.

பொமரேனியன் நாயைத் தமிழ்நாட்டிலும் பலர் பார்த்திருப்பார்கள். புசுபுசு என்று பஞ்சு மூட்டை போல இருக்குமே, அதுதான்.

கத்தரித்த முடியையும் வான்கூவர் கையில் எடுத்துப் பார்த்தார். அது உதிரவில்லை. ஒரு மூலையைப் பிடித்துத் தூக்கினால், பெரிய துண்டு அப்படியே சேர்ந்து வந்தது. அவ்வளவு அடர்த்தி!

இந்த மக்கள் போர்த்தியிருக்கும் கம்பளி இந்த முடியில் நெய்ததாகத்தான் இருக்க வேண்டும் என்று அவர் ஊகித்தார். அதோடு வேறு ஒரு மிருகத்தின் மெல்லிய முடியும் கலந்திருக்கலாம் என்றும் நினைத்தார்.

அவர் ஊகித்தது சரிதான்!

16 ஆண்டுகள் கழித்து, 1808ல், சைமன் பிரேசர் என்பவர் கனடாவில் ஓர் ஆற்றின் வழியே கடலை நோக்கி வந்தார். அந்த ஆற்றுக்கு இன்று அவர் பெயர்தான். வழியில் அவரும் நாய் முடியிலும் காட்டு ஆட்டின் முடியிலும் நெய்த கம்பளிகளைக் கண்டார். அங்கும் நாய்களுக்கு அப்பொழுதுதான் முடி கத்தரித்திருந்தார்கள்.

யார் அந்த மக்கள்?

அவர்களுக்குச் சேலிஷ் மக்கள் என்று பெயர்.

அமெரிக்காவும் கனடாவும் சந்திக்கும் மேற்குக் கடற்கரைதான் அவர்களுடைய தாயகம். கடல், ஆறு, காடு, பனிமலை எல்லாம் அங்கே உண்டு. ஆற்றில் சால்மன் மீன் கூட்டம் கூட்டமாக ஏறி வரும். காட்டில் வானத்தை முட்டும் தேவதாரு மரங்கள்.

குளிர் அதிகம். மழையும் அதிகம். போர்த்திக்கொள்ளக் கம்பளி வேண்டும்.

ஆனால் அங்கே செம்மறி ஆடு கிடையாது. வெள்ளையர் கொண்டு வரும் வரை அந்த மக்கள் செம்மறி ஆட்டைப் பார்த்ததே இல்லை.

உயர்ந்த மலை உச்சியில் ஒரு வகைக் காட்டு ஆடு இருந்தது. வெள்ளை வெளேரென்று இருக்கும். அதன் முடி மிக உயர்ந்தது. ஆனால் எளிதில் கிடைக்காது. மலை ஏறி வேட்டையாட வேண்டும். கோடையில் அந்த ஆடுகள் முடி உதிர்க்கும். புதர்களில் சிக்கியிருக்கும் முடியைப் பொறுக்கி எடுக்க வேண்டும்.

அது போதுமா? போதாது.

ஆகவே அவர்கள் வீட்டிலேயே முடியை வளர்த்தார்கள். நாயின் உடம்பில் வளர்த்தார்கள்!

தீவில் வாழ்ந்த நாய்கள்

சேலிஷ் மக்களிடம் இரண்டு வகை நாய்கள் இருந்தன.

ஒன்று, வேட்டை நாய். அதற்குக் குட்டை முடி. அது ஊருக்குள் திரியும். வேட்டைக்குப் போகும்.

மற்றொன்று, கம்பளி நாய். இதுதான் வெள்ளை நிறத்தில் அடர்ந்த முடியோடு இருக்கும். 

இரண்டும் ஒன்றோடொன்று கலந்துவிடக் கூடாது. கலந்தால் என்ன ஆகும்? பிறக்கும் குட்டிக்கு நூற்கத் தகுந்த முடி இருக்காது. ஒரு முறை தவறினாலும் பல தலைமுறை உழைப்பு வீண்!

அதனால் கம்பளி நாய்களைத் தனியாகப் பாதுகாத்தார்கள். சில இடங்களில் பட்டி போட்டு அடைத்தார்கள். பல இடங்களில் கடலில் உள்ள சிறிய தீவுகளில் கொண்டுபோய் விட்டார்கள். சுற்றிலும் தண்ணீர். வேறு நாய் வர முடியாது. இவையும் ஓட முடியாது. இயற்கையே கட்டிய வேலி!

நாய்களுக்குச் சோறு போடுவது யார்?

பெண்கள்தான். படகில் ஏறித் துடுப்புப் போட்டுக்கொண்டு தீவுக்குப் போவார்கள். மீன் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். படகைக் கண்டதும் வெள்ளை நாய்கள் கரைக்கு ஓடி வரும்.

அந்த நாய்கள் பெண்களின் சொத்து. எத்தனை நாய் இருக்கிறதோ, அத்தனைக்குக் கம்பளி. எத்தனை கம்பளி இருக்கிறதோ, அத்தனைக்கு மதிப்பு. தமிழ்நாட்டுக் கிராமத்தில் ஒரு பெண் தன் பசுவை எப்படிப் பார்த்துக்கொள்வாளோ, அப்படி அவர்கள் நாயைப் பார்த்துக்கொண்டார்கள்.

வெள்ளை மண்ணின் ரகசியம்

முடி வளர்ந்ததும் கத்தரிப்பார்கள். இரும்புக் கத்தரி வருவதற்கு முன், கடல் சிப்பியின் ஓட்டைத் தீட்டிக் கத்தியாக்கி வைத்திருந்தார்கள்.

கத்தரித்த முடியில் எண்ணெய்ப் பசை இருக்கும். அழுக்கும் இருக்கும். அதை எப்படி எடுப்பது?

அதற்கு ஒரு வெள்ளை மண் இருந்தது. தண்ணீரில் வாழும், கண்ணுக்குத் தெரியாத சிறு உயிர்களின் ஓடுகள் பல்லாயிரம் ஆண்டுகளாகப் படிந்து உண்டான மண் அது. மாவு போல இருக்கும். அதை முடியின்மேல் தூவுவார்கள். பிறகு நீண்ட, தட்டையான மரக்கட்டையால் அடி அடியென்று அடிப்பார்கள்.

மண் எண்ணெயை உறிஞ்சிக்கொள்ளும். அழுக்கும் போகும். முடி வெண்மையாகும்.

பிறகு கலப்படம் நடக்கும். இது ஏமாற்றும் கலப்படம் அல்ல. நல்ல கலப்படம்!

நாய் முடியோடு மலை ஆட்டின் முடியைச் சேர்ப்பார்கள். வாத்தின் மெல்லிய இறகையும், சில செடிகளின் பஞ்சையும் சேர்ப்பதுண்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம். எல்லாம் சேர்ந்தால் நூலுக்கு வலுவும் உண்டு, கதகதப்பும் உண்டு.

கலந்த முடியை முதலில் தொடையில் வைத்து உள்ளங்கையால் உருட்டித் தடித்த திரியாக்குவார்கள். அதற்குப் பின்தான் நூற்பு.

பள்ளிக்கூடத்தில் தக்கிளி சுற்றியவர்களுக்கு இது உடனே விளங்கும். தக்கிளியில் ஒரு கம்பி. அதில் ஒரு சிறு வட்டு. வட்டு சுழலச் சுழலப் பஞ்சு முறுக்கேறி நூலாகிறது.

சேலிஷ் பெண்களிடம் இருந்ததும் தக்கிளிதான். ஆனால் மகா பெரிய தக்கிளி! கம்பு 3 அடி, 4 அடி நீளம் இருக்கும். வட்டு ஒரு சிறு தட்டு அளவு இருக்கும். அந்த மரவட்டில் மனிதன், பறவை, மீன் என்று அழகான உருவங்களைச் செதுக்கியிருப்பார்கள். நூற்கும் பெண்ணின் கண்முன் அந்த உருவங்கள் எல்லாம் சேர்ந்து சுழலும்.

இரண்டு தூண்களுக்கு இடையில் இரண்டு உருளைகளைக் குறுக்கே பொருத்தினால் தறி தயார். நாடா கிடையாது. விரலாலேயே பாவில் ஊடை நூலைக் கோத்துக் கோத்து நெய்வார்கள். பல நாள் வேலை!

பணத்துக்குப் பதில் கம்பளி

இப்படி நெய்த கம்பளியை வெறும் போர்வை என்று நினைத்துவிடக் கூடாது.

குழந்தைக்குப் பெயர் வைக்கும் விழாவா? கம்பளி வேண்டும். கல்யாணமா? கம்பளி வேண்டும். யாராவது இறந்துவிட்டார்களா? அதற்கும் கம்பளி வேண்டும்.

பெரிய விழாக்களில் ஒரு குடும்பத்தார் மற்றவர்களை அழைத்துக் கம்பளிகளை அள்ளி அள்ளிக் கொடுப்பார்கள். அங்கே பெரிய மனிதன் யார் தெரியுமா? நிறையச் சேர்த்து வைத்திருப்பவன் அல்ல. நிறையக் கொடுப்பவன்!

பால் கேன் என்ற கனடா நாட்டு ஓவியர் 1847ல் அந்தப் பக்கம் வந்தார். தாம் பார்த்தவற்றை வைத்துப் பின்னர் ஓர் ஓவியம் தீட்டினார். ஒரு பெண் தறியில் கம்பளி நெய்கிறாள். அருகே ஒரு பெண் நூற்கிறாள். முன்னால் ஒரு வெள்ளை நாய் நிற்கிறது. அந்த ஓவியம் இன்று டொராண்டோ நகரத்துப் பொருட்காட்சி சாலையில் இருக்கிறது.

ஓவியம் உலர்ந்து நூறு ஆண்டு ஆவதற்குள் ஓவியத்தில் இருந்த நாய் உலகத்தில் இல்லை!

"மட்டன்" என்ற நாய்

இங்கேதான் ஒரு வேடிக்கையான நாய் கதைக்குள் வருகிறது.

அதன் பெயர் மட்டன்!

ஆட்டைப் போல முடி உள்ள நாய்க்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்குமா?

மட்டனை வளர்த்தவர் ஜார்ஜ் கிப்ஸ். அவர் அமெரிக்கர். பழங்குடி மக்களின் மொழிகளையும் பழக்கவழக்கங்களையும் எழுதி வைத்தவர். 1854, 1855ம் ஆண்டுகளில் அந்த மக்களின் நிலங்களை அமெரிக்க அரசு ஒப்பந்தம் போட்டு வாங்கியபோது, அந்த வேலையிலும் பங்கு கொண்டவர். பிறகு அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் எல்லை அளக்கும் குழுவில் சேர்ந்தார். அந்த நாளில் அவரோடு இருந்தது மட்டன்.

குழுவில் கென்னர்லி என்று ஒரு டாக்டர் இருந்தார். மிருகங்களையும் பறவைகளையும் பாடம் செய்து பொருட்காட்சி சாலைக்கு அனுப்புவது அவருடைய வேலை. ஒரு நாள் அவர் அரும்பாடுபட்டு ஒரு மலை ஆட்டின் தோலைப் பதப்படுத்தி வைத்திருந்தார்.

மட்டன் பார்த்தது. யாரும் இல்லை. ஆட்டின் தலைப் பகுதியைத் தின்று தீர்த்தது!

கென்னர்லிக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "இதற்கு முடி வளரட்டும். இதையே பாடம் செய்து அனுப்பி விடுகிறேன்" என்ற பொருளில் கடிதம் எழுதிவிட்டார். அப்பொழுதுதான் மட்டனுக்கு முடி கத்தரித்திருந்தார்களாம்!

1859ல் மட்டன் இறந்தது. அதன் தோலை வாஷிங்டன் நகரத்தில் உள்ள ஸ்மித்சோனியன் பொருட்காட்சி சாலைக்கு அனுப்பினார்கள். அங்கே அதை ஓர் இழுப்பறையில் வைத்து மூடினார்கள்.

ஆண்டுகள் ஓடின. அந்தத் தோலை ஏறக்குறைய எல்லாரும் மறந்தே போனார்கள்.

மறைந்தது ஏன்?

இதற்கிடையே, 20ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கம்பளி நாய் இனமே மறைந்துவிட்டது.

ஏன்?

புத்தகங்களில் நெடுங்காலம் ஒரே பதில்தான் எழுதி வந்தார்கள்.

"வெள்ளையர் வந்தார்கள். வணிகக் கம்பெனி கடை திறந்தது. ஆலையில் நெய்த கம்பளி மலிவாகக் கிடைத்தது. மாதக் கணக்கில் உட்கார்ந்து நாய் முடி நூற்க யாருக்குப் பொறுமை? நாயை விட்டுவிட்டார்கள். இனம் கலந்து மறைந்தது."

கேட்பதற்குச் சரியாகத்தான் இருக்கிறது. ஆலைத் துணி வந்ததும் கைத்தறி நொடித்த கதையைத் தமிழ்நாடும் அறியும்.

கடை வந்தது உண்மை. ஹட்சன் பே கம்பெனி 1827ல் பிரேசர் ஆற்றங்கரையில் ஒரு கோட்டை கட்டியது. 1843ல் வான்கூவர் தீவில் இன்னொன்று கட்டியது. தோலையும் மீனையும் வாங்கிக்கொண்டு கம்பளி கொடுத்தது. அதுவும் உண்மை.

ஆனால் சேலிஷ் பாட்டிமார்கள் இந்தக் கதையை ஒப்புக்கொள்ளவில்லை.

"கடையில் வாங்கிய கம்பளியைப் போர்த்திக்கொள்ளலாம். விழாவில் அதை வைத்து எங்கள் கம்பளிக்கு ஈடு செய்ய முடியுமா? எங்கள் நாயை நாங்களாக விடவில்லை. விட வைத்தார்கள்" என்பது அவர்கள் கட்சி.

அவர்கள் சொல்வதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இழுப்பறை திறந்தது

2000ம் ஆண்டுக்குப் பிறகு, ஆராய்ச்சியாளர்களின் கண் அந்த இழுப்பறைமேல் விழுந்தது. உள்ளே மட்டனின் தோல்! அந்த இனத்தில் உலகத்திலேயே மிஞ்சியிருப்பதாக அறியப்பட்ட ஒரே தோல் அதுதான்.

முதலில் கம்பளிகளைச் சோதித்தார்கள். பழைய சேலிஷ் கம்பளிகளில் உண்மையிலேயே நாய் முடி இருக்கிறதா என்று சிலருக்குச் சந்தேகம் இருந்தது. 2011ல் வெளியான ஆராய்ச்சி அந்தச் சந்தேகத்தைத் தீர்த்தது. முடியில் உள்ள புரதத்தைப் பிரித்துப் பார்த்தார்கள். பல பழைய கம்பளிகளில் நாய் முடி இருந்தது. மலை ஆட்டின் முடியோடு கலந்து இருந்தது. பாட்டிமார்கள் சொன்னபடியே!

அடுத்து மட்டனின் மரபணுக்களை ஆராய்ந்தார்கள். முடிவு 2023ம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் 'சயன்ஸ்' என்ற புகழ்பெற்ற பத்திரிகையில் வெளியாயிற்று.

மரபணு என்றால் என்ன? அப்பா அம்மாவிடமிருந்து பிள்ளைக்கு வரும் குணங்களின் குறிப்பு. உடம்பின் ஏறக்குறைய ஒவ்வோர் உயிரணுவிலும் அது எழுதப்பட்டிருக்கிறது. செத்த நாயின் தோலில்கூட அது மிஞ்சியிருக்கும்.

மட்டனின் குறிப்பைப் படித்தவர்கள் பல விஷயங்களைக் கண்டுபிடித்தார்கள்.

மட்டனின் இனம் மற்ற நாய்களிலிருந்து பிரிந்து ஏறக்குறைய 5,000 ஆண்டுகள் வரை ஆகியிருக்கலாம். 

11,000க்கு மேற்பட்ட மரபணுக்களைச் சோதித்ததில், 28 மரபணுக்கள் முடி வளர்ச்சியோடும் முடி வேர்களோடும் தொடர்பு உள்ளவையாக இருந்தன. அதாவது, நல்ல முடி உள்ள நாயையே தேர்ந்தெடுத்துத் தேர்ந்தெடுத்து வளர்த்திருக்கிறார்கள். பாட்டி, அம்மா, மகள், பேத்தி என்று தலைமுறை தலைமுறையாக நடந்த வேலை!

இன்னொன்றுதான் மிக முக்கியம்.

மட்டன் வாழ்ந்த காலத்தில் வெள்ளையரின் நாய்கள் வந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. ஊரெங்கும் அவை திரிந்தன. அப்படி இருந்தும் மட்டனின் பரம்பரையில் ஏறக்குறைய 85 சதவீதம், வெள்ளையர் வருவதற்கு முன் இருந்த நாய்களுடையதாகவே இருந்தது!

கடை திறந்து 30 ஆண்டுகளுக்குப் பிறகும், யாரோ சில பெண்கள் அந்த இனத்தைக் கலந்துவிடாமல் கண்ணும் கருத்துமாகக் காத்திருக்கிறார்கள். "மலிவுக் கம்பளி வந்ததும் நாயைக் கைவிட்டார்கள்" என்ற கதை அங்கேயே ஆட்டம் கண்டது.

பாட்டிமார்களின் சாட்சி

இந்த ஆராய்ச்சியில் இன்னொரு சிறப்பும் உண்டு. விஞ்ஞானிகள் தோலை மட்டும் கேட்கவில்லை. மக்களையும் கேட்டார்கள். சேலிஷ் பெரியவர்களும் நெசவாளர்களும் தங்கள் குடும்பங்களில் வழிவழியாகச் சொல்லி வந்ததைச் சொன்னார்கள். 

அவர்கள் சொன்னது என்ன?

முதலில் நோய் வந்தது. வெள்ளையரோடு வந்த பெரியம்மை ஊர் ஊராக மக்களை வாரிக்கொண்டு போயிற்று. 1862ல் மறுபடியும் ஒரு பெரிய கொள்ளை நோய். வளர்த்தவர்களே போய்விட்டால் நாயை யார் காப்பது? தீவுக்குப் படகில் மீன் கொண்டுபோவது யார்?

பிறகு நிலம் போயிற்று. மக்களைச் சிறு சிறு ஒதுக்கிடங்களில் கொண்டுபோய் வைத்தார்கள்.

பிறகு சட்டம் வந்தது. கம்பளிகளை வாரி வழங்கும் விழாவைக் கனடா அரசு 1885 முதல் தடை செய்தது. விழா நடத்தினால் சிறை! 1951ல்தான் அந்தத் தடை நீங்கியது. விழாவே இல்லை என்றால் கம்பளி எதற்கு? கம்பளி இல்லை என்றால் நாய் எதற்கு?

பிறகு குழந்தைகளைப் பிரித்தார்கள். விடுதிப் பள்ளிகளுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே தாய்மொழி பேசவும் கூடாது. பாட்டியின் மடியில் உட்கார்ந்து நூற்கப் பழக வேண்டிய பேத்தி, பாட்டியின் பேச்சே புரியாதவளாகத் திரும்பி வந்தாள்.

ஸ்டோலோ என்ற பிரிவைச் சேர்ந்த மூதாட்டி ஒருவர், தம் கொள்ளுப்பாட்டியின் கதையைச் சொன்னார். போலீஸ், அரசாங்க அதிகாரி, பாதிரியார் எல்லாரும் சேர்ந்து பழைய பழக்கங்களைக் கூடாது என்றார்களாம். நாய்களையும் வைத்திருக்கக் கூடாது என்றார்களாம். கொள்ளுப்பாட்டி தம் நாய்களை விட்டுவிட நேர்ந்ததாம்.

பிள்ளைபோல வளர்த்த நாயைத் தன் கையாலேயே அனுப்பிய அந்தத் தாய் என்ன பாடு பட்டிருப்பாள்!

இன்றும் நாய் முடியில் நூல்!

கம்பளி நாய் போய்விட்டது. ஆனால் நாய் முடியில் நூல் நூற்பது அடியோடு போய்விடவில்லை.

ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வீட்டு நாயின் முடியைச் சேர்த்து நூற்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அந்த நூலுக்கு "ஷியன்கோரா" என்று ஒரு செல்லப் பெயர்கூட உண்டு. பிரெஞ்சு மொழியில் நாய்க்கு ஷியன் என்று பெயர். அங்கோரா முயலின் முடி மிக மென்மையானது. இரண்டையும் சேர்த்து இந்தப் பெயரைப் பண்ணினார்கள்.

எல்லா நாய் முடியும் உதவுமா? உதவாது.

குட்டை முடி நாய்களின் முடி நூலில் நிற்காது. வழுக்கி வந்துவிடும். இரண்டு அங்குலமாவது நீளம் இருந்தால் நல்லது. குளிர் நாட்டு நாய்களுக்கு இரண்டு அடுக்கு முடி உண்டு. வெளியே முரட்டு முடி. உள்ளே பஞ்சு போன்ற முடி. நூற்க ஏற்றது உள்முடிதான். சமோயெட், பொமரேனியன் போன்ற நாய்கள் பருவம் மாறும்போது உள்முடியைக் கொத்துக் கொத்தாக உதிர்க்கும். சீப்பால் வாரி எடுத்தாலே போதும். நாய்க்கு ஒரு வலியும் இல்லை. அதற்கும் சுகமாகத்தான் இருக்கும்!

வாரிய முடியைச் சேர்த்து, வெதுவெதுப்பான தண்ணீரில் மிதமான சோப்புப் போட்டு அலசுவார்கள். கசக்கக் கூடாது. கசக்கினால் முடி ஒன்றோடொன்று பின்னிக் கட்டியாகிவிடும். நிழலில் உலர்த்துவார்கள். பிறகு சிக்கெடுத்து, ஆட்டு உரோமத்தோடு கலந்து நூற்பார்கள்.

ஏன் கலக்க வேண்டும்? ஆட்டு உரோமத்தில் இயற்கையாகவே சுருள் உண்டு. இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும். நாய் முடியில் அந்தச் சுருள் குறைவு. தனியாக நெய்தால் சட்டை நாளடைவில் தொங்கிவிடும். ஆட்டு உரோமம் கலந்தால் உருக் குலையாது. 

சேலிஷ் பெண்கள் மலை ஆட்டின் முடியைக் கலந்தார்களே, அவர்களும் கலந்துதான் நூற்றார்கள்!

சிலர் இறந்துபோன செல்ல நாயின் முடியைப் பத்திரமாக வைத்திருந்து, அதில் ஒரு கழுத்துத் துணியோ கையுறையோ பின்னச் சொல்லி வாங்கிக்கொள்கிறார்கள். நாய் போன பிறகும் அதன் கதகதப்பு கழுத்தில் இருக்கிறது.

மறுபடியும் சுழலும் தக்கிளி

சேலிஷ் நெசவும் ஒரு காலத்தில் செத்துவிடும் நிலைக்கு வந்தது. தறியில் உட்காரத் தெரிந்தவர்கள் விரல் விட்டு எண்ணும்படி ஆனார்கள்.

ஆனால் சாகவில்லை.

1980களில் வான்கூவர் நகரத்தை ஒட்டி வாழும் மஸ்க்வியம் பிரிவுப் பெண்கள் மறுபடியும் தறியில் உட்கார்ந்தார்கள். பழைய கம்பளிகளைப் பார்த்துப் பார்த்துக் கற்றார்கள். தங்கள் பெண்களுக்கும் சொல்லிக் கொடுத்தார்கள். அவர்களில் ஒருவரான டெப்ரா ஸ்பாரோ இன்று பெயர் பெற்ற நெசவாளர். 2023ம் ஆண்டு ஆராய்ச்சியிலும் அவர் பங்கு கொண்டார்.

இன்று வான்கூவர் விமான நிலையத்தில் வெளிநாட்டிலிருந்து வந்து இறங்குபவர்களை மஸ்க்வியம் பெண்கள் நெய்த பெரிய கம்பளிகள் வரவேற்கின்றன. அங்கேயே தேவதாரு மரத்தில் செதுக்கிய ஒரு பிரம்மாண்டமான தக்கிளி வட்டும் இருக்கிறது. ஏறக்குறைய 16 அடி அகலம்! அதைச் செதுக்கியவர் சூசன் பாயிண்ட் என்ற மஸ்க்வியம் பெண்மணி.

தக்கிளி திரும்பி வந்துவிட்டது. தறியும் திரும்பி வந்துவிட்டது.

நாய் மட்டும் வரவில்லை. கம்பளிக்கு இப்பொழுது ஆட்டு உரோமம்தான்.

வாஷிங்டனில் ஓர் இழுப்பறைக்குள் மட்டன் படுத்திருக்கிறது. வெள்ளை முடி பழுப்பேறிவிட்டது. ஆனால் பாட்டிமார்கள் சொன்னது பொய் அல்ல என்று சொல்லிவிட்டுத்தான் படுத்திருக்கிறது!